சபையில் உறங்கிய பிரபு

கப்பல் ஊதிற்று. ஒரு தரம் இல்லை, மூன்று தரம்.

மோட்டுலேகா தீவுக்குக் கப்பல் வருவது செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு வெள்ளி. மற்ற நாட்களில் கடலிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால், புயல் வருகிறது என்று அர்த்தம். அல்லது யாரோ பெரிய மனிதரின் உடல் வருகிறது என்று அர்த்தம். மண்ணடுப்பின் மேல் வாழையிலை பரப்பிக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார்கள். தேவாலயத்தில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தவர்கள் பாதி வரியில் நிறுத்தினார்கள். தெருவில் திரிந்த பன்றிகள் மட்டும் எதைப் பற்றியும் கவலைப்படவில்லை.

லௌதாலா பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. நாற்பது வருடமாக வேலோங்கோ பிரபுவின் வாய் அவர்தான். தொங்கா தேசத்தில் ஒரு பிரபு ஊர் நடுவில் உட்கார்ந்து தானே பேசுவது அழகில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காகப் பேசுகிறவருக்கு மாட்டாபுலே என்று பட்டம். லௌதாலா என்பதே பட்டப் பெயர்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை அவர் மனைவி பிசிலாகூட மறந்துவிட்டாள்.

"எழுந்திரிங்க. அவரா இருக்கும்," என்றாள் பிசிலா.

"அவர் செவ்வாய்க்கிழமைதானே வருவாரு?"

"தோத்துப் போனவங்களுக்குக் கிழமை ஏது?"

வாசலில் கிடியோனே வந்து நின்றான். தீவின் ஒரே கடை அவனுடையது. ஒழுங்காகப் பாடும் ரேடியோவும் அவனுடையதுதான். நேற்று மத்தியானம் தேர்தல் முடிவை ஊருக்குச் சொன்னவன் அவன். ஓடி வந்ததில் அவன் வயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"பெரியவரே, மாடு ஏத்துற கப்பல். மேல்தட்டுல பிரபு நிக்கிறாரு. கூட ரெண்டு பெட்டி, ஒரு தலகாணி."

"தலகாணியா?"

"அவரோடதுதான். இருபத்திரண்டு வருஷம் சபையில வச்சிருந்ததா இருக்கும்."

"வாயை மூடுடா," என்றார் லௌதாலா. ஆனால் அவர் குரலில் வழக்கமான அழுத்தம் இல்லை.

பிசிலா இடுப்புப் பாயை எடுத்துவந்து, கணவரின் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். பாய் கட்டாமல் பிரபுவின் முன்னால் போவது ஆடையில்லாமல் போவதற்குச் சமம். கயிற்றை இறுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லப்போறீங்க. முகத்துலயே எழுதியிருக்கு."

"சொல்லித்தான் ஆகணும், பிசிலா."

"மூணு மாசம் சொல்லலை. இன்னைக்குத்தான் ஞானம் வந்துச்சா? பட்டத்தைப் பிடுங்கிட்டாருன்னா நாளையிலேர்ந்து உங்களை எப்படிக் கூப்பிடறது நான்? வேற பேரே எனக்கு ஞாபகம் இல்ல."

லௌதாலா கூரையில் செருகியிருந்த தேங்காய்நார்ச் சாமரத்தை எடுத்தார். மாட்டாபுலே கையில் இருக்க வேண்டிய பொருள் அது. பிரபுவின் அப்பா, முந்தைய வேலோங்கோ, அவர் தோளில் வைத்துக் கொடுத்தது. அதை இன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று ராத்திரியே முடிவு செய்துவிட்டார்.

•

வேலோங்கோ பிரபுவின் அரசியல் வாழ்க்கையைச் சொல்வது சுலபம். அதில் பெரும்பகுதி தூக்கம்.

அப்பா இறந்து பட்டம் வந்தபோது அவருக்கு நாற்பத்துநாலு வயது. அடுத்த தேர்தலிலேயே சட்டசபைக்குப் போனார். பிரபுக்களுக்கான இடங்களுக்கு ஊர் மக்கள் ஓட்டுப் போடுவதில்லை. அந்தந்தத் தீவுக்கூட்டத்துப் பிரபுக்களே கூடித் தங்களுக்குள் ஒருவரைப் பொறுக்கி அனுப்புவார்கள். மொத்தமாக ஒரு மேஜையைச் சுற்றி உட்காரக்கூடிய கூட்டம். அதில் ஒருவருக்கு ஒருவர் ஆகாது. அவருக்கு இவர் ஆகாது. வேலோங்கோவை மட்டும் எல்லாருக்கும் பிடித்திருந்தது. அவர் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. சொல்லப்போனால் பேசியதே இல்லை.

தலைநகர் நுக்குஅலோஃபாவில், சபை மண்டபத்தில், ஜன்னலோர நாற்காலி அவருடையது. பதினொரு மணிக்குக் கடற்காற்று உள்ளே வரும். அந்தக் காற்று அவர் முகத்தில் பட்டதும் இமைகள் பாதி இறங்கும். அதற்குமேல் இறங்காது. அவர் விழித்திருக்கிறாரா இல்லையா என்று சபைத்தலைவரால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. பத்திரிகையில் அவரைக் கேலிப்படம் போடுகிறவன் எப்போதும் தலையணையோடுதான் போட்டான். வேலோங்கோவுக்குக் கோபம் வரவில்லை. படத்தில் இருந்தது போலவே பூப்போட்ட உறை தைக்கச் சொல்லி ஒரு தலையணை வாங்கிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடத்தில் நாலே முறை எழுந்து பேசினார். முதல் பேச்சு, கப்பல் மோட்டுலேகாவுக்கு வாரம் ஒரு தடவையாவது வர வேண்டும் என்று. வந்தது. இரண்டாவது, பள்ளிக்கூடக் கூரை. மூன்றாவது, யாரோ ஜன்னலைச் சாத்தியபோது, தயவுசெய்து திறந்து வையுங்கள் என்றது. சபைக் குறிப்பில் அதுவும் பதிவாகியிருக்கிறது. நாலாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிரபு தூங்குகிறார் என்று தீவில் யாரும் சொல்ல மாட்டார்கள். பிரபுக்கள் சாப்பிடுவதற்கும் நடப்பதற்கும் சாவதற்கும் தனிச் சொற்கள் இருப்பதைப் போல இதற்கும் ஒன்று உண்டு. 'அமர்ந்திருக்கிறார்' என்பார்கள். சபையில் அமர்ந்திருந்தார், தேவாலயத்தில் அமர்ந்திருந்தார், கப்பல் ஆட்டத்தில் எல்லாரும் வாந்தியெடுக்கும்போது அமர்ந்திருந்தார். லௌதாலாவுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். பிரபு நிஜமாகவே உறங்கிவிட்டால் மூச்சு விடும்போது ஒரு சின்னச் சீழ்க்கை வரும். இரண்டு பனையோலை உரசுகிற மாதிரி. பக்கத்தில் உட்காருகிறவருக்கு மட்டும்தான் அது கேட்கும்.

உறங்கி எழுந்தால் பிரபு தன் கனவைச் சொல்லுவார். அதைக் கேட்பதும் மாட்டாபுலேயின் வேலைதான் என்று லௌதாலா வைத்துக்கொண்டிருந்தார்.

போன ஜூலையில் நுக்குஅலோஃபா வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்து ஒன்று சொன்னார்.

"சபைக்குள்ள தண்ணி வந்துடுச்சு, லௌதாலா. முழங்கால் வரைக்கும். நல்ல தெளிஞ்ச தண்ணி. நம்ம உட்கடல் தண்ணி."

"அப்புறம் ஐயா?"

"நம்ம ஊர்ப் பொம்பளைங்க கூடையோட வந்தாங்க. நாற்காலிக்கு நடுவுல குனிஞ்சு குனிஞ்சு சிப்பி பொறுக்கினாங்க. பிரதமர் காலைத் தூக்கி வழிவிட்டாரு. எங்க காலுக்கு அடியிலெல்லாம் கையை விட்டுத் தேடினாங்க. யாரும் எங்களை நிமிர்ந்து பார்க்கலை."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"நான் செருப்பு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அதுதான் வெக்கமா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் பிரபு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

•

அந்தச் சமயத்தில்தான் மசோதா வந்தது. தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளத்திட்டுக்குள் அடங்கிய உட்கடலை, வெளிநாட்டு ஓட்டல்காரர்களுக்கு ஐம்பது வருடக் குத்தகைக்கு விடலாம் என்று ஒரு சட்டம். முதலில் விட வேண்டிய இடமாக வரைபடத்தில் சிவப்பு மசியில் வட்டம் போட்டிருந்தது மோட்டுலேகா. தண்ணீர்மேல் மரக்குடில்கள், நடுவில் ஒரு பாலம், சுற்றிலும் கம்பி.

அந்த உட்கடலில்தான் தீவின் பாதிச் சாப்பாடு. காலையில் தண்ணீர் வற்றினால் பெண்கள் கூடையோடு இறங்குவார்கள். பாட்டும் வம்பும் அங்கேதான். லௌதாலாவின் தங்கை லெசியேலி அந்தச் சிப்பியில்தான் நாலு பிள்ளைகளை வளர்த்தாள்.

அரசாங்கத்துக்கு ஓட்டு ஒன்று குறைந்தது. வேலோங்கோவைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்கள். நிலத்துறை மந்திரி பதவி தருவதாகச் சொன்னார்கள். மற்றப் பிரபுக்கள் முன்னால் அவர் சரியென்று தலையாட்டிவிட்டார். பிரபு தலையாட்டினால் அது எழுதிக் கொடுத்ததற்கு மேல்.

ஆகஸ்ட் மாதம் பிரபு தீவுக்கு வந்தார். காவா என்ற வேர்ச்சாற்றைக் குடிக்க ஊர் கூடி வட்டம் போட்டது. விசேஷத்துக்கு வெட்டிய பன்றிகளும் பெருவள்ளிக் கிழங்குக் கூடைகளும் பிரபுவின் முன்னால் இடுப்புயரத்துக்குக் குவிந்திருந்தன. அப்பால் இரண்டு வரிசையாக ஊர்ப் பெரியவர்கள். வட்டத்தின் எதிர்முனையில் காவா வேரை இடித்துக் கரைத்த பெரிய மரத்தொட்டி. விரிகுடாவில் ஒரு தாய்த் திமிங்கிலம் குட்டியோடு வந்து தங்கியிருந்த நாட்கள் அவை. சற்றைக்கு ஒரு தரம் அதன் மூச்சு கடலிலிருந்து பெருமூச்சு மாதிரி வரும். பேச்சு நின்று, மறுபடி தொடங்கும். வெயில் பாலில் கரைத்த மாதிரி இருந்தது. எல்லாருக்குமே கண் சொருகுகிற பொழுது.

வட்டத்தில் உட்காருமுன் பிரபு ஒரு காகிதத்தை லௌதாலாவின் கையில் கொடுத்திருந்தார்.

"அவங்க அனுப்பினது. இதைப் படிச்சிடு."

ஓட்டல் வந்தால் வேலை வரும், கரண்டு வரும், பிரபு மந்திரி ஆவார், ஊர் மகிழ வேண்டும் என்று காகிதத்தில் இருந்தது. லௌதாலா அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

முதலில் கிடியோனேதான் கேட்டான். கடைக்காரனாக இருந்தாலும் அவனுக்கும் வட்டத்தில் இடம் உண்டு.

"மரியாதையோட கேட்கிறேன். கம்பி போடப்போறாங்கன்னு ரேடியோவுல சொல்றான். கம்பிக்கு அந்தப் பக்கம் சிப்பி இருந்தா, பொறுக்கலாமா கூடாதா? எங்க வீட்டுக்காரி காலையிலேர்ந்து இதையே கேட்டு என்னைத் திங்கிறா. பதில் இல்லாம வீட்டுக்குப் போக முடியாது."

லேசான சிரிப்பு எழுந்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை. எல்லாக் கண்ணும் பிரபுவின் பக்கம் திரும்பிற்று.

லௌதாலாவும் ஓரக்கண்ணால் பார்த்தார். பிரபுவின் இமைகள் பாதி இறங்கியிருந்தன. காதைத் தீட்டிக்கொண்டார். இரண்டு பனையோலை உரசின.

பிரபு உறங்கிக்கொண்டிருந்தார்.

அதே நேரத்தில் லௌதாலாவின் இடது தொடைக்குப் பக்கத்தில் ஏதோ ஈரமாக உரசிற்று. குனியாமல் கண்ணை மட்டும் இறக்கினார். ஒரு பன்றிக்குட்டி. பின்பக்கமாக ஊர்ந்து வந்து அவருக்கும் பிரபுவுக்கும் நடுவில் புகுந்துகொண்டு, பிரபுவின் இடுப்புப் பாயின் குஞ்சத்தை மென்றுகொண்டிருந்தது. ஏழு தலைமுறைப் பாய். ராஜாவின் கல்யாணத்துக்குக்கூட இரவல் கேட்ட பாய். குவித்திருந்த கூடைகள் மறைத்ததால் எதிரில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரட்டினால் கத்தும். கத்தினால் பிரபு விழித்துவிடுவார்; பாயைப் பன்றி தின்ற கதை மூன்று தீவுக்கூட்டத்துக்கும் போகும்.

லௌதாலா இடது கையைப் பாயின் மடிப்புக்குள் விட்டு அதன் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திப் பிடித்தார். வலது கையால் சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டார். மடியில் காகிதம் இருந்தது. விரிகுடாவில் திமிங்கிலம் மூச்சு விட்டது. அப்போது ஏனோ அவருக்குப் பிரபுவின் கனவு ஞாபகம் வந்தது. முழங்காலளவு தண்ணீரும், கூடையோடு குனிந்த பெண்களும், பிரபுவின் காலில் இருந்த செருப்பும்.

பேசத் தொடங்கினார்.

"வேலோங்கோ சொல்றாரு. இந்தத் தீவு கடலுக்கு மேல வந்த நாள்லேர்ந்து உட்கடலுக்குக் கதவு கிடையாது. வேலோங்கோ சொல்றாரு, எங்க அப்பாவோட அப்பா காலத்துல பஞ்சம் வந்தப்போ ஊரைக் காப்பாத்தினது அரண்மனையில்ல, அந்தச் சிப்பி. என் பட்டம் இந்த ஊர்ல இருக்கிற வரைக்கும் அந்தத் தண்ணியில ஒருத்தன் கம்பி நட மாட்டான். மந்திரி நாற்காலி வரும், போகும். தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வத்தும், ரெண்டு தடவை ஏறும். எனக்கு அது போதும்னு வேலோங்கோ சொல்றாரு. நான் கேட்டதைச் சொல்லிட்டேன்."

அவர் வாழ்க்கையில் அதைவிட நன்றாகப் பேசியதில்லை. பேச்சு முழுக்க இடது கைக்குள் அந்தக் குட்டி துள்ளிக்கொண்டே இருந்தது. முடித்ததும் பிடியைத் தளர்த்திப் பின்பக்கமாக ஒரு தள்ளு தள்ளினார். வேலியிடுக்கில் போய் மறைந்தது. யாரும் பார்க்கவில்லை. குஞ்சத்தில் நாலு இழை குறைந்திருந்தது. அதைப் பற்றி அவர் பிசிலாவிடம்கூட மூச்சுவிடவில்லை.

காவா வட்டத்தில் பிரபு பக்கத்தில் இருக்க மாட்டாபுலே ஒன்று சொல்லி, பிரபு அதை மறுக்காமல் தன் சிரட்டையைக் குடித்துவிட்டால், அது பிரபுவின் வார்த்தை. ராஜாவால்கூட அதை அழிக்க முடியாது. முதல் சிரட்டைக்கு வேலோங்கோவின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். பிரபு கண்ணைத் திறந்தார். இரண்டு தரம் கைதட்டினார். வாங்கிக் குடித்தார்.

வட்டம் கலைந்த பிறகு கேட்டார். "படிச்சியா?"

"படிச்சேன், ஐயா."

"நல்லது," என்றார் பிரபு. அன்றைக்கே கப்பலேறிப் போய்விட்டார்.

•

செப்டம்பரில் ஓட்டெடுப்பு. அன்றுதான் வேலோங்கோவின் நாலாவது பேச்சு. மோட்டுலேகாவே கிடியோனேயின் கடைவாசலில் உட்கார்ந்து ரேடியோவில் கேட்டது.

"மோட்டுலேகாவில் காவா குடித்தபோது என் மாட்டாபுலே என் பெயரால் ஒன்று சொன்னார். நான் மறுக்கவில்லை. அது என் வார்த்தை. மசோதாவுக்கு எதிராக ஓட்டளிக்கிறேன்."

அவ்வளவுதான். மசோதா ஒரே ஓட்டில் விழுந்தது. கடைவாசலில் பெண்கள் எழுந்து ஆடினார்கள். லெசியேலி அண்ணன் கழுத்தில் பூமாலை போட்டாள். லௌதாலாவின் நெஞ்சில் மட்டும் கல் விழுந்தது. பிரபுவுக்குத் தெரிந்துவிட்டது. கப்பலிலோ துறையிலோ யாரோ சொல்லியிருப்பார்கள். தெரிந்தும் அவர் திட்டவில்லை, ஆளனுப்பவில்லை. உறங்கிய நேரத்தில் தன் வாயே தன்னை விற்றுவிட்டதை வெளியில் சொல்லாமல், மானத்துக்காக அதைச் சுமந்துகொண்டு போய் ஓட்டுப் போட்டிருக்கிறார். திட்டியிருந்தால் லௌதாலா இரண்டு நாளில் தேறியிருப்பார்.

மற்றப் பிரபுக்கள் வழக்கத்தை மதித்தார்கள். காவாவில் சொன்னது காவாவில் சொன்னதுதான் என்று விட்டுவிட்டார்கள்; யாரும் வாதாடவில்லை. ஆனால் நவம்பரில் தங்களுக்குள் ஓட்டுப் போட்டபோது, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக வேலோங்கோவின் பெயர் கடைசியில் வந்தது. ஒரு ஓட்டு.

"அந்த ஒண்ணையும் யார் போட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்," என்று கிடியோனே ரேடியோவை அணைத்தான். சிரித்தவர்கள் லௌதாலாவைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

•

துறையில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. மாட்டுச் சாணி வாடையோடு கப்பல் வந்து ஒட்டிற்று. முதலில் ஒரு காளை இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைத் தாண்டி, பலகை வழியாக வேலோங்கோ பிரபு இறங்கி வந்தார். ஏழு தலைமுறைப் பாய் இடுப்பில் இருந்தது. கக்கத்தில் பூப்போட்ட தலையணை.

பதவி போன மனிதரைப் பார்த்தால் ஊர் எப்படி நடந்துகொள்ளும் என்று லௌதாலா வழியெல்லாம் பயந்துகொண்டே வந்திருந்தார். பிரபுவின் கால் கரையில் பட்டதும் கூட்டம் மொத்தமும் தரையில் உட்கார்ந்தது. பிரபு நடக்கும்போது யார் தலையும் உயரத்தில் இருக்கக் கூடாது என்பது வழக்கம். வழக்கத்துக்காக உட்காருவது வேறு. அன்றைக்கு ஈர மணலையும் சாணியையும் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். கிடியோனே, புதுச் சட்டையோடு, முதல் ஆளாக உட்கார்ந்தான்.

"சோறெல்லாம் ஆகட்டும். நான் கொஞ்சம் காத்தாட நடக்கிறேன்," என்றார் பிரபு. பெட்டிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பினார். லௌதாலா இரண்டு அடி பின்னால் நடந்தார்.

தண்ணீர் வற்றியிருந்தது. உட்கடல் தூரத்துத் திட்டு வரை கண்ணாடியாகக் கிடந்தது. அதில் வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மேகங்களின் மேல் நடக்கிற மாதிரிப் பெண்கள் கூடையோடு குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரோ ஒருத்தி பாடினாள். வார்த்தை கேட்கவில்லை, இழுப்பு மட்டும் கரைக்கு வந்தது. பிரபு கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின்மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். தலையணையைப் பக்கத்தில் வைத்தார். ஈர மணலில் கால்விரல்களைப் புதைத்துக்கொண்டார்.

"துறையில காதுல விழுந்துச்சு, கிடியோனே ஏதோ சொன்னானாமே," என்றார் பிரபு. "எனக்கு விழுந்த ஒரு ஓட்டைப் பத்தி."

"அவனுக்கு வாய் நீளம், ஐயா."

"அது நான் போட்டது இல்ல. எனக்கு நானே போட்டுக்கக் கூச்சமா இருந்துச்சு. எதிராளிக்குப் போட்டேன். எனக்கு எவன் போட்டான்னுதான் வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தேன்."

லௌதாலாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தார். சாமரத்தை இரண்டு கையாலும் எடுத்துப் பிரபுவின் காலருகில் வைத்தார்.

"இதைத் திருப்பி வாங்கிக்குங்க."

"எதுக்கு?"

"ஆகஸ்ட்ல காவா வட்டத்துல நீங்க குடுத்த காகிதத்தை நான் படிக்கலை."

"ம்."

"படிச்சேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"ம்."

"நீங்க..." மரியாதைச் சொல் நாக்கு வரை வந்தது. அதை விழுங்கிவிட்டார். "நீங்க தூங்கிட்டீங்க, ஐயா. நல்லாத் தூங்கிட்டீங்க. அந்தச் சீழ்க்கை எனக்குக் கேட்டுச்சு. தூங்கறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசினேன். உங்க வாயை நான் திருடிட்டேன். அதுல உங்க நாற்காலி போச்சு. மந்திரி பதவி போச்சு. நாற்பது வருஷம் உங்க அப்பா பக்கத்துலயும் உங்க பக்கத்துலயும் உட்கார்ந்துட்டு, ஒரே ஒரு நாள்ல..."

குரல் நின்றுவிட்டது. ஆயிரம் பேர் நடுவில் தடுமாறாத குரல்.

பிரபு சாமரத்தை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். நார்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். அவசரமே படவில்லை. பிறகு அதை லௌதாலாவின் தோளில், எப்போதும் இருக்கும் இடத்தில், சரியாக வைத்தார்.

"அவங்களுக்கு நான் தலையாட்டியிருந்தேன், லௌதாலா. பிரபு தலையாட்டிட்டா அவனே அதை மாத்த முடியாது. வேற யாராவது மாத்தினாத்தான் உண்டு."

லௌதாலா நிமிர்ந்து பார்த்தார். பிரபுவின் இமைகள் பாதி இறங்கியிருந்தன. இரண்டு பனையோலை உரசுகிற சத்தம் வந்தது. வந்து, ஒரு சிரிப்பாக முடிந்தது. அவர் கை இடுப்புப் பாயின் குஞ்சத்தைத் தடவி, இழை குறைந்திருந்த இடத்தில் நின்றது. உட்கடலில் ஒரு பெண் நிமிர்ந்து, கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, மறுபடி குனிந்தாள்.

"அது கிடக்கட்டும். ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் புரியலை," என்றார் வேலோங்கோ பிரபு. "அவ்வளவு நீளப் பேச்சு பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பன்னிக்குட்டி வாயை ஒத்தைக் கையால எப்படிப் பொத்திப் பிடிச்சிருந்தே?"